அறுவை சிகிச்சையை ஒட்டி வரும் மருந்துத் தடிப்புகள்: நோயாளிக்கும் உடன் இருப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

“போன தடவை ஏதோ ஓர் ஊசி ஒத்துக்கலை, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு.” அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து மருத்துவர் விசாரிக்கும்போது அடிக்கடி வரும் பதில் இது. எந்த ஊசி, போட்டு எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, உடம்பில் எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்று அடுத்துக் கேட்டால் பதில் இருக்காது. அந்த நான்கும் தெரியாத மருத்துவருக்கு இரண்டே வழி. சந்தேகத்துக்கு இடமான எல்லா மருந்தையும் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தெரியாமலே அதே மருந்தை மறுபடி ஏற்ற நேரும்.

தடிப்பின் தோற்றத்தை மட்டும் வைத்து இன்ன மருந்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆன்டிபயாட்டிக்கால் வந்த தடிப்பும் வலி மாத்திரையால் வந்த தடிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். காட்டிக்கொடுப்பது நேரம்தான்: மருந்து உள்ளே போன நேரம், தோல் மாறிய நேரம். அதனால் கீழே சொல்வது எல்லாம் கடிகாரத்தையும் நாட்காட்டியையும் பிடித்துக்கொண்டே போகிறது. முதல் தடவை அறுவை சிகிச்சைக்குப் போகிறவரும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளப்போகிறவரும் சேர்ந்து படிப்பது நல்லது. அறுவை முடிந்த முதல் நாளில் நோயாளி அரைத் தூக்கத்தில் இருப்பார். அப்போது கவனிக்கப்போவது உடன் இருப்பவர்தான்.

படி 1: பழைய கணக்கை முதலில் சரிபாருங்கள்

அறுவைக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளை எடுத்து, இதுவரை ஒத்துக்கொள்ளாத மருந்துகளை எழுதுங்கள். மருந்தின் பெயர், எதற்காகச் சாப்பிட்டது, எத்தனையாவது டோஸில் வந்தது, என்ன ஆனது, எப்படிச் சரியானது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். வயிற்றைப் புரட்டியது, வாந்தி வந்தது, தலை சுற்றியது போன்றவை பக்கவிளைவுகள். அவற்றைத் தனியாக எழுதுங்கள். ஒவ்வாமைப் பட்டியலில் அவற்றைக் கலந்துவிட்டால் நல்ல மருந்து ஒன்று காரணமில்லாமல் கைவிட்டுப்போகும்.

இதில் பென்சிலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூறு பேரைக் கேட்டால் ஏறக்குறைய பத்துப் பேர் தங்களுக்குப் பென்சிலின் அலர்ஜி என்கிறார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அந்த மருந்தைச் சிக்கல் இல்லாமல் எடுத்துக்கொள்ள முடிகிறது. சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்திருப்பார்கள். காய்ச்சலோடு வந்த தடிப்புக்குப் பழி சிரப்பின் மேல் விழுந்திருக்கும். உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களுக்கும், பத்து ஆண்டு மருந்து படாமல் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு அது மறைந்துபோகிறது. “பென்சிலின் ஆகாது” என்ற ஒரு வரியைப் பார்த்ததும், காயத்தில் சீழ் பிடிக்காமல் இருக்க அறுவைக்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் செஃபசோலினையும் சேர்த்து ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். செஃபசோலினின் வேதிப் பக்கச்சங்கிலி, அதாவது மூலக்கூறின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பகுதி, பென்சிலின்களில் எதனோடும் ஒத்ததல்ல. ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போவது மிக அரிது. மாற்று மருந்துக்குப் போகும்போது காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே பழைய பென்சிலின் கதை உங்களிடம் இருந்தால், அவசரமில்லாத அறுவைக்கு முன்பே சோதித்து அந்தப் பெயரை நீக்க முடியுமா என்று கேளுங்கள். ஆனால் தோல் உரிந்தது, வாய் புண்ணானது, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது என்றால் அது வேறு கதை. அதை அழுத்திச் சொல்லுங்கள்.

அயோடின் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் மருந்தும் ஆகாது என்று நினைக்கிறார்கள். இறால் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் அதிலுள்ள ட்ரோபோமையோசின் என்ற புரதம். அயோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முட்டை ஒத்துக்கொள்ளாதவருக்குத் தூங்கவைக்கும் மருந்தான புரொப்போஃபால் ஆகாது என்பதும் இதே போன்றதுதான். பெரும்பாலானவர்களுக்குத் தடை இல்லை. ஆனாலும் சொல்லிவையுங்கள், முடிவை மருத்துவர் எடுப்பார்.

நோயாளிகள் தாமாகச் சொல்லாத சில விஷயங்கள் மருத்துவருக்கு மிகவும் தேவை. பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ உதடும் கையும் அரிக்கிறதா? வாழைப்பழம், அவகாடோ, கிவி தின்றால் வாய் அரிக்கிறதா? இவை லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) அலர்ஜியின் அடையாளமாக இருக்கலாம். வாய் கொப்பளிக்கும் மருந்து, கிருமிநாசினி, சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் ஜெல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பிறகு தடித்ததா? இவை எல்லாவற்றிலும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி இருக்கக்கூடும். பிளாஸ்டர் ஒட்டிய இடம் சிவந்து கொப்புளித்ததா? செயற்கை நகத்துக்கோ இமைமுடிக்கோ ஒட்டும் பசை அரிப்பைத் தந்ததா? தையலுக்குப் பதில் காயத்தின் மேல் பூசும் பசையும் அதே சயனோஅக்ரிலேட் குடும்பம். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவற்றில் ஒன்று சாப்பிட்டு இமையோ உதடோ வீங்கியிருந்தால், அந்த வகை வலி மாத்திரைகளில் மற்றவையும் அதையே செய்யலாம். இரத்த அழுத்தத்துக்கு ‘பிரில்’ என்று முடியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உதடும் நாக்கும் அரிப்பே இல்லாமல் வீங்குவது உண்டு. மயக்க மருந்துக்காகத் தொண்டையில் குழாய் போடும்போது இது பெரிய சிக்கலாகும்.

பாதுகாப்புக்கு என்று நீங்களாகவே அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு அறுவைக்குப் போகாதீர்கள். கடுமையான ஒவ்வாமையை அது தடுக்காது. முதல் எச்சரிக்கையான அரிப்பையும் தடிப்பையும் மட்டும் மறைத்துவிடும்.

படி 2: உள்ளே போகும் மருந்துகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்

அறுவை சிகிச்சையில் எந்த மருந்தால் வந்தது என்று கண்டுபிடிப்பது கடினமாவதற்குக் காரணம், குறைந்த நேரத்தில் நிறைய மருந்துகள் போவதுதான். கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போகும். வான்கோமைசின் என்றால் 120 நிமிடத்துக்குள் தொடங்குவார்கள். பிறகு தூங்கவைக்கும் மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து, ஃபென்டனில் அல்லது மார்ஃபின், வாந்தித் தடுப்பு ஊசி, வலி ஊசி. தோலில் கிருமிநாசினி, கையுறை ரப்பர், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) ஜெல். மார்பகப் புற்றுநோய் அறுவையில் நிணநீர்க் கணுவைத் தேட நீலச் சாயம். முடியும்போது தசைத் தளர்வை மாற்ற சுகமாடெக்ஸ் அல்லது நியோஸ்டிக்மின். மறுநாள் முதல் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி.

பிரிட்டனில் மயக்க மருந்து மருத்துவர்களின் அரச கல்லூரி நாடு தழுவி நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏறக்குறைய 10,000 மயக்கங்களில் ஒன்றில் வந்தது. காரணங்களில் ஆன்டிபயாட்டிக் முதலிடம், தசைத் தளர்ப்பிகள் அடுத்த இடம், குளோர்ஹெக்சிடின் மூன்றாமிடம், நீலச் சாயம் நான்காமிடம். அரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பலரும் முதலில் குற்றம் சொல்லும் “மயக்க ஊசி”, அதாவது தூங்கவைக்கும் மருந்து, இந்த வரிசையின் தலையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மயக்கம் கொடுக்கப்படுகிறவருக்கும் தசைத் தளர்ப்பி ஒவ்வாமையைத் தரலாம். அதன் மூலக்கூறில் இருக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் என்ற பகுதி வேறு பொருள்களிலும் உண்டு. உடம்பு அங்கேயே அதைப் பழகி, எதிர்ப்பைத் தயாராக வைத்திருக்கும். ஃபோல்கோடின் கலந்த இருமல் மருந்து அப்படிப்பட்ட ஒன்று என்பதால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2022 டிசம்பரில் அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. கடந்த ஓராண்டுக்குள் அந்த இருமல் மருந்தைக் குடித்திருந்தால் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கைத் தூங்கவைப்பதற்குச் சில நிமிடம் முன்பே, நீங்கள் விழித்திருக்கும்போதே கொடுப்பது நல்ல வழக்கம். அந்த நிமிடங்களில் உள்ளங்கை அரிக்கிறது, காதுமடல் சூடாகிறது, நாக்கு தடிக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற திகில் எழுகிறது என்றால் கூச்சப்படாமல் உடனே சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் காரணம் ஒரே ஒரு மருந்து. பத்து நிமிடம் கழித்து வந்தால் ஐந்து மருந்துகளில் தேட வேண்டும்.

படி 3: முதல் சில மணி நேரத்தில் வருபவை

மேசையில் இருக்கும்போது தோலைப் பார்க்க வழி குறைவு. உடம்பு பச்சைத் துணிக்குள் இருக்கும். முகத்தில் பிளாஸ்டரும் குழாயும் இருக்கும். இன்னொன்றும் உண்டு: கடுமையான ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் தோலுக்கு இரத்தமே போகாது, அதனால் தடிப்பும் தெரியாது. மருந்து கொடுத்து அழுத்தம் ஏறிய பிறகுதான் தோல் சிவந்து தடிக்கும். “தடிப்பே இல்லை, அப்படியானால் அலர்ஜி இல்லை” என்று ஆபரேஷன் தியேட்டரில் முடிவுகட்ட முடியாததற்கு இதுதான் காரணம்.

விழித்த பிறகு பார்க்கக் கிடைப்பதில் நான்கு வகை ஒன்றோடொன்று குழம்பும். ஊசி ஏறிய இரத்தக் குழாயின் போக்கிலேயே கையில் ஒரு சிவந்த கோடும் அதன்மேல் சின்னத் தடிப்புகளும் வந்து அரை மணி ஒரு மணியில் அடங்கினால், அது மார்ஃபின், அட்ராகூரியம் போன்றவை அந்த இடத்து மாஸ்ட் செல்களை (ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்களைச் சேர்த்துவைத்திருக்கும் செல்கள்) நேரடியாக உசுப்பி, அரிப்பு தரும் ஹிஸ்டமினை வெளியேற்றியது. பெரும்பாலும் அலர்ஜி அல்ல. வான்கோமைசின் வேகமாக ஏறினால் முகம், கழுத்து, மேல்மார்பு ஆகியவை சிவந்து எரியும், அரிக்கும். ஒரு கிராம் மருந்து குறைந்தது 60 நிமிடம் ஏற வேண்டும். அதைவிட வேகமாக ஓடவிட்டால் இது வருகிறது. நிறுத்தி, அடங்கிய பின் பாதி வேகத்தில் ஏற்றினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இதை அலர்ஜி என்று எழுதிவிட்டால் பின்னாளில் தேவைப்படும்போது அந்த மருந்து கிடைக்காது. “வேகமாக ஏற்றியதால் சிவந்தது” என்றே எழுதச் சொல்லுங்கள்.

முதுகுத் தண்டில் மார்ஃபின் கொடுத்திருந்தால் மூக்கு, கன்னம், நெற்றி அரிக்கும். நோயாளி மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், தோலில் ஒன்றும் இருக்காது. இது நரம்பு வழியே வரும் அரிப்பு. அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் கொடுத்தால் தூக்கம் வரும், அரிப்பு அவ்வளவாகப் போகாது. வார்டில் சொன்னால் இதற்கென்று வேறு ஊசி உண்டு.

நான்காவதுதான் உண்மையான காணாக்கடித் தடிப்பு: மேடான, வெளிறிய நடுவும் சிவந்த விளிம்பும் கொண்ட திட்டுகள், கடுமையான அரிப்பு. இதில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பேனாவால் ஒரு திட்டைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்திலேயே நேரத்தை எழுதுங்கள். மதியம் 2 மணிக்குப் போட்ட வட்டம் மாலை 6 மணிக்குப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். இரண்டு அங்குலம் தள்ளிப் புதிது ஒன்று எழும்பியிருக்கும். தனித்தனித் திட்டு ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள் தடமில்லாமல் மறைந்து இடம் மாறுவதுதான் காணாக்கடி. வட்டத்துக்குள்ளேயே நின்று, மறுநாள் கன்றிப்போன நிறமாக மாறினால் அது வேறு. மருத்துவர் பார்க்க வேண்டும். நீலச் சாயம் போட்டவருக்குத் தடிப்பே நீல நிறத்தில் எழும்புவது உண்டு. அந்தச் சாயத்தால் சிறுநீரும் நிறம் மாறும், விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அவை மட்டும் என்றால் பயப்பட வேண்டாம்.

தடிப்போடு கீழே உள்ளவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மணி அடித்து ஆளைக் கூப்பிடுங்கள்: மூச்சில் இரைச்சல், குரல் கரகரப்பு, நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கண் இருட்டுதல், வெளிறிக் குளிர்ந்த வியர்வை. இதற்கு மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது மி.லி.க்கு 1 மி.கி. கரைசலில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில்; சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடி. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. செலுத்துவது ஊழியர்களின் வேலை. உங்கள் வேலை நோயாளியை எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்துவது. மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். வீடு திரும்பிய பின் இப்படி நேர்ந்தால் ஆம்புலன்ஸ்தான். அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் அட்ரினலினுக்கு மாற்று அல்ல. அடங்கிவிட்ட பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பக்கூடும் என்பதால் உடனே வீட்டுக்குப் போகக் கேட்காதீர்கள்.

இப்படி ஒன்று நடந்தால் ஒரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள்: மாஸ்ட் செல்களிலிருந்து வெளியாகும் டிரிப்டேஸ் என்ற பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்களா? ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் நான்கு மணிக்குள் ஒரு மாதிரி. 24 மணி நேரம் கடந்த பிறகு ஒப்பிட இன்னொன்று. முதல் அளவு, இரண்டாவதை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தால் மாஸ்ட் செல்கள் உண்மையாகவே வெடித்திருக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலான இடங்களில் விட்டுப்போவது இரண்டாவது மாதிரிதான். மறுநாள் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

படி 4: கட்டுக்கு அடியில் வருவது

வெளியிலிருந்து தோலில் பட்ட பொருளால் வரும் தடிப்பைக் கண்டுபிடிக்க வடிவத்தைப் பாருங்கள். நேர்க்கோட்டு விளிம்பும் மூலையும் உடம்பு தானாகப் போடுவதில்லை. சதுரமாகச் சிவந்திருந்தால் அங்கே பிளாஸ்டர் இருந்தது. மார்பில் வட்டமாக இருந்தால் இசிஜி ஒட்டி. தொடையில் செவ்வகமாக இருந்தால் மின்கத்தியின் தகடு ஒட்டிய இடம். முதுகுக்கு அடியிலோ இடுப்பு மடிப்பிலோ ஒரு ஓடை வழிந்து தேங்கியதுபோல் தோல் வெந்திருந்தால், துடைத்த போவிடோன் அயோடின் வழிந்து துணிக்கடியில் தேங்கிக் காயாமல் நின்றிருக்கும். அது ரசாயனக் காயம். அலர்ஜி என்று பதிய வேண்டியதில்லை.

உண்மையான தொடு ஒவ்வாமை 24 முதல் 72 மணி நேரம் எடுத்துக்கொண்டுதான் வரும். காயப் பசைக்கு வருவது இன்னும் தாமதமாகலாம்: எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்க, ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துத் தழும்பின் இரு பக்கமும் சிவந்து, ஊசிமுனைக் கொப்புளங்கள் எழும்பி, நீர் கசிந்து அரிக்கும். இதைச் சீழ் பிடித்துவிட்டது என்று எண்ணி மறுபடி ஆன்டிபயாட்டிக் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. இரண்டையும் பிரிப்பது இப்படி: ஒவ்வாமையில் அரிப்பு முதலில், விளிம்பு பசை தடவிய எல்லையோடு நிற்கும், காய்ச்சல் இருக்காது. தொற்றில் வலியும் சூடும் முதலில், தொட்டால் தாங்காது, சிவப்பு எல்லை தாண்டிப் பரவும், சீழோ நாற்றமோ காய்ச்சலோ இருக்கும். ஐயமிருந்தால் அறுவை செய்தவர் பார்த்தே ஆக வேண்டும், ஏனெனில் இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

காயத்தில் தடவக் கடையில் வாங்கும் களிம்புகளில் நியோமைசின் இருந்தால் தவிர்ப்பது நல்லது. தொடு ஒவ்வாமைக்குப் பேர்போன மருந்து அது. ஆற வேண்டிய காயத்தை அதுவே கிளறிவிடும்.

முதுகு முழுக்கச் சின்னச் சின்னப் பருக்கள், மெத்தையில் பட்ட பகுதியில் மட்டும் என்றால், அது வேர்க்குரு. புரட்டிப் படுக்கவைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் போய்விடும்.

படி 5: நாள் கணக்கு வைத்துப் பார்க்க வேண்டியவை

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அதன் முதல் டோஸ் கொடுத்த நாள்தான் முதல் நாள். நிறுத்திவிட்ட மருந்தையும் பட்டியலில் வையுங்கள்.

மிக அதிகமாகக் காண்பது 4-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் நடுவே நெஞ்சிலும் வயிற்றிலும் தொடங்கி இரு பக்கமும் ஒரே மாதிரி பரவும், மணல்வாரி அம்மை போன்ற தடிப்பு. ஆன்டிபயாட்டிக்தான் வழக்கமான காரணம். ஏற்கெனவே அந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் ஒன்று முதல் மூன்று நாளிலேயே வந்துவிடும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு நாள் கூடிவிட்டுத்தான் குறையும். ஒன்று இரண்டு வாரத்தில் செதில் உதிர்ந்து அடங்கும்.

மெட்ரோனிடசோல், வலி மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள் சிலருக்கு ஒரே இடத்தில், உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கையிலோ, காசு போன்ற கருஞ்சிவப்பு வட்டத்தை உண்டாக்கும். ஆறினாலும் கறுப்புத் தடம் நிற்கும். அடுத்த தடவை அதே மருந்து போனால் அதே இடம் சில மணி நேரத்தில் எரியும். பழைய தடம் உங்கள் உடம்பில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கிய ஓரிரு நாளிலேயே காய்ச்சலோடு அக்குள், தொடையிடுக்கு மடிப்புகளில் குண்டூசித் தலை அளவு வெள்ளைச் சீழ்ப்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வந்தால், பார்க்கப் பயமாக இருந்தாலும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். தொற்று என்று எண்ணி அதே மருந்தைக் கூட்டுவதுதான் ஆபத்து.

ஹெப்பாரின் ஊசியில் இரண்டு வேறு நிலைகள். வயிற்றில் குத்திய இடத்தில் அரிக்கும் சிவந்த தடிப்பு என்றால் தாமத ஒவ்வாமை. மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். தொடங்கிய 5 முதல் 10-ஆம் நாளுக்குள் குத்திய இடம் வலித்துக் கறுத்தால், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து இரத்தக் குழாய்களில் உறைகட்டி உண்டாகும் நிலையாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன் மருத்துவரைக் கூப்பிட்டுத் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இடுப்பில் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி உடனே தாங்க முடியாமல் வலித்து, தோல் வலைப்பின்னல் போல ஊதா நிறமானால் அதுவும் அன்றே காட்ட வேண்டியது.

எல்லாவற்றிலும் கடுமையானது தோல் உரியும் நிலை, ஸ்டீவன்ஸ்-ஜான்சன். மருந்து தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் வரும். முதலில் காய்ச்சல், கண் எரிச்சல், விழுங்க முடியாத தொண்டை வலி. எல்லோரும் சளிக்காய்ச்சல் என்றே நினைப்பார்கள். அடுத்த ஒன்று முதல் மூன்று நாளில் நெஞ்சிலும் முகத்திலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள், தொட்டால் வலி, பிறகு கொப்புளம், விரலால் லேசாகத் தள்ளினால் தோல் வழுக்கும். மூளை அறுவைக்குப் பின் வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், கார்பமசெபின் ஆகியவையும், சல்ஃபா மருந்துகளும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலும் பெயர்பெற்ற காரணங்கள். அரிப்பதைவிட வலிக்கும் தடிப்பு, கண், வாய், பிறப்புறுப்பு ஆகியவற்றில் இரண்டு புண்ணாவது: இந்த இரண்டும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்காமல் இரவானாலும் போங்கள். சந்தேக மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு பிழைக்கும் வாய்ப்பு கூடும். இதே மருந்துகள் 2 முதல் 8 வாரத்தில் முகவீக்கம், காய்ச்சல், கழுத்துக் கட்டிகள், கல்லீரல் பாதிப்போடு இன்னொரு வகையையும் தரும். அதற்குள் அறுவை சிகிச்சையே மறந்துபோயிருக்கும் என்பதால் மருந்துப் பட்டியலை இரண்டு மாதமாவது பத்திரமாக வையுங்கள்.

படி 6: தடிப்பைப் பார்க்கும் முறை

ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல்விளக்கில் நிறம் ஏமாற்றும். மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு தெரியாது. அங்கே தடிப்பு பழுப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கருமையாக இருக்கும். ஆகவே புறங்கையால் தடவி மேட்டையும் சூட்டையும் உணருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், உதட்டின் உட்புறம் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள்.

தெளிவான கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைத் தடிப்பின்மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மறைந்தால் குழாய்க்குள் இருக்கும் இரத்தம் விலகுகிறது. மறையாமல் புள்ளியாகவே நின்றால் இரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கிறது. அன்றே காட்ட வேண்டும். நோயாளியின் கைவிரல்கள் சேர்ந்த உள்ளங்கை அவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். “நிறைய இருக்கிறது” என்பதைவிட “பன்னிரண்டு கை அளவு” என்று போனில் சொன்னால் மருத்துவருக்கு உடனே புரியும். படம் எடுக்கும்போது ஒன்று தள்ளி நின்று, ஒன்று நெருங்கி, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுங்கள். தடிப்புக்கு மருந்து போட்ட பிறகு எடுத்த படத்தைவிட, போடுவதற்கு முன் எடுத்த படம் பல மடங்கு பயன்படும்.

படி 7: மருத்துவர் வரும் வரை

எல்லா மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்த உறைவுத் தடுப்பும் வலிப்பு மருந்தும் திடீரென்று நின்றால் தடிப்பைவிடப் பெரிய கேடு வரலாம். அடுத்த டோஸ் நேரத்துக்கு முன்பே போன் செய்து, எதை நிறுத்த, எதைத் தொடர என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். படி 3, படி 5 ஆகியவற்றில் சொன்ன ஆபத்து அடையாளங்கள் இருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல் புறப்படுங்கள்.

அரிப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாகச் செட்ரிசின் 10 மி.கி. நாளுக்கு ஒன்று, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறைய வேண்டும். தூக்கம் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரையை மார்ஃபின், டிரமடால் போன்றவற்றோடு சேர்த்தால் மூச்சு மந்தமாகலாம். தையலின்மேல் எதையும் தடவ வேண்டாம். கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவது காயம் ஆறுவதைத் தாமதமாக்கும். சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை அளவும் ஏறும்.

படி 8: எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள்

டிஸ்சார்ஜ் சீட்டில் “மருந்து அலர்ஜி” என்ற இரண்டு சொல்லை மட்டும் ஏற்காதீர்கள். அறுவை நேரத்தில் மயக்க மருந்து மருத்துவர் நிமிட வாரியாக எழுதும் தாள் ஒன்று இருக்கிறது; அதன் நகலைக் கேளுங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்பது அதில் மட்டுமே முழுமையாக இருக்கும். தோலைத் துடைத்த கிருமிநாசினி, கதீட்டர் ஜெல், காயப் பசை, சாயம் ஆகியவை அதில் விட்டுப்போவது வழக்கம். அவற்றைத் தனியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

உடனடி வகை ஒவ்வாமை என்றால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து அலர்ஜி மருத்துவரிடம் தோல் சோதனை. அதற்கு முன்பே செய்தால், காலியான மாஸ்ட் செல்கள் பதில் சொல்லாமல் பொய்யாக “இல்லை” என்று வரலாம். சோதனைக்கு ஒரு வாரம் முன்பு அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். முன்கையில் துளி வைத்துக் குத்தி 15 முதல் 20 நிமிடத்தில் பார்ப்பார்கள். ஒப்பீட்டுத் துளியைவிட 3 மி.மீ. பெரிய மேடு எழும்பினால் அது ‘ஆம்’. தோல் உரிந்தவர்களுக்கு அந்த மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்கும் சோதனை கூடவே கூடாது.

சந்தேகப்பட்ட எல்லா மருந்தையும் சோதிக்கச் சொல்லுங்கள், தியேட்டரில் ஒருவர் ஊகித்த ஒன்றை மட்டும் அல்ல. முடிவுக் கடிதத்தில் இரண்டு பட்டியல் வேண்டும்: கொடுக்கக் கூடாதவை, சோதித்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்று தெரிந்தவை. இரண்டாவது பட்டியல் இல்லாத கடிதம் பாதிக் கடிதம்தான். அடுத்த தடவை நள்ளிரவில் அவசர அறுவை என்றால் மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான். நகல் ஒன்று பணப்பையில், படம் ஒன்று போனில், இன்னொன்று உடன் இருப்பவரிடம்.